மழை அளந்த போத்தல்கள்

மகன்,

போன புதன்கிழமை ஷாமினி எனக்குப் போன் எடுத்தாள். அழுதுகொண்டு பேசினாள் என்று சொல்ல முடியாது. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு எடுத்த போன் அது. "மாமி, தியாவோட டீச்சர் யோகட் கோப்பையில போஞ்சி விதை போட்டு வீட்டுல வளர்க்கச் சொல்லியிருந்தாங்க. முளைச்சி ரெண்டு இலையும் விட்டிருந்திச்சி. இவர் வேலை முடிஞ்சி வந்து பார்த்தாரு. எடுத்துக்கிட்டுப் போய் மண்ணோட குப்பையில கொட்டிட்டாரு. கோப்பையக் காலால மிதிச்சி நசுக்கினாரு. புள்ள பார்த்துக்கிட்டே நின்னிச்சி" என்றாள். பிறகு கேட்டாள்: "இவருக்கு என்ன மாமி?" உனக்கு என்ன என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும். ஆனாலும் "வேலைக் களைப்பா இருக்கும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை அன்றைக்கும் சொல்லவில்லை. வைத்த பிறகு சமையலறையில் நெடுநேரம் நின்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

வத்தேகமையிலிருந்து பல்லேகலவுக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. அவ்வளவு கிட்ட இருக்கும் மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நேரில் சொல்லத்தான் இதற்கு முன் இரண்டு தடவை புறப்பட்டு வந்தேன். ஒரு தடவை உன் வீட்டில் சாப்பிட்டேன், தியாவுக்குத் தலை பின்னிவிட்டேன், திரும்பி வந்தேன். இன்னொரு தடவை நீ என்னை பஸ் ஏற்றிவிட வந்தாய். பஸ் ஹோல்ட்டில் நின்று நீ சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். எழுதத்தான் எனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

டிலானியைப் பற்றி நம் வீட்டில் நாம் பேசுவதே இல்லை. உனக்கு ஒரு தங்கை இருந்தாள், ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதற்கு மேல் ஷாமினிக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன். அந்தக் காய்ச்சலின் பெயரைக்கூட நீ சொல்லியிருக்க மாட்டாய். நான் முதலில் அந்த வருடத்தைச் சொல்கிறேன். அந்த வருடம் கெட்ட வருடமாகத் தொடங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாகப் படிப்பித்த வருடம் அதுதான்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் தரத்தில், என் வகுப்பிலேயே இருந்தாய். டிலானி பக்கத்து அறையில் இரண்டாம் தரம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நான் உனக்கு டீச்சர், வீட்டில்தான் அம்மா. அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான். அந்த வருட ஆரம்பத்தில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும், காதால் மட்டும் கேட்டுப் படிக்கக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். அதை நான் பைத்தியம் பிடித்தது போல நம்பினேன். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்தோம். சிரட்டையும் தடியும் நூலும் வைத்துத் தராசு செய்தோம். எழுத்து வராத பிள்ளைகள் களிமண்ணில் எழுத்துகளை உருட்டினார்கள். வகுப்பறைக்குப் பின்னால், சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் புல் மண்டிக் கிடந்த துண்டு நிலத்தை நீங்களே வெட்டித் தோட்டமாக்கினீர்கள். அதன் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொன்னேன். உனக்கு இருபத்தாறு வந்தது, இன்னொருவனுக்கு முப்பத்தொன்று. யாருடையது சரி என்று சண்டை. நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் நீதான் சொன்னாய்: "டீச்சர், எல்லாரும் ஒரே ஆளோட காலால அளந்தா சரியா வரும்." மீற்றர் கோல் எதற்கு என்று அன்றைக்கு நான் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. மகன் என்று பெருமைப்படக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.

அந்தத் தோட்டத்தில் போஞ்சி இருந்தது, கீரை இருந்தது, கம்பியில் தொங்கவிட்ட சிரட்டைகளில் நாற்றுகள் இருந்தன. ஓர் ஓரத்தில் மழையை அளப்பதற்கு மூன்று பிளாஸ்டிக் போத்தல்கள். கழுத்தை வெட்டி, பக்கத்தில் கோடு போட்ட தாளை ஒட்டி, மண்ணில் பாதி புதைத்து வைத்திருந்தோம். அவை உன் பொறுப்பு. காலையில் வந்தவுடன் புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஓடுவாய். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து, அட்டவணையில் எழுதி, பிறகு போத்தலைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வைப்பாய். ஒரு நாள்கூட நீ தவறவில்லை. தன் வகுப்பு விட்டதும் டிலானி தோட்டத்துக்கு வந்துவிடுவாள். நான் வேலை முடிக்கும்வரை அங்கேதான் இருப்பாள். "எங்க அண்ணன் மழைக்கு கணக்கு எழுதுது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

பின்னேரம் தவறாமல் மழை பெய்கிற ஐப்பசி மாதம் அது. நம் தோட்டத்தைக் கேள்விப்பட்டு, கல்வி அலுவலகத்திலிருந்து பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டலாம், படம் எடுக்கலாம் என்றார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. வரவேண்டிய நாளில் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று ஒத்திப்போட்டார்கள். அடுத்த கிழமையும் வரவில்லை. இதற்கிடையில் நான் பிள்ளைகளுக்கு, அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் கலைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். போத்தல்களில் தண்ணீர் இருக்க வேண்டும், வெறும் போத்தலை யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அளந்து எழுது, ஆனால் ஊற்றாதே என்று உனக்குச் சொன்னேன். மறுநாளே நீ என் மேசைக்கு வந்தாய். "டீச்சர், ஊத்தாம வச்சா நேத்து மழை எது, இன்னைக்கி மழை எதுன்னு தெரியாது" என்றாய். நீ சொன்னது சரி. கழித்துப் பார்த்து எழுது என்று உன்னை அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நீ வந்து நின்றாய். நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "டீச்சர், போத்தல்ல சின்னப் புழு மாதிரி நெளியுது. ஊத்திடவா?" நான் எழுந்து வந்து பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியும், மகன். நுளம்புக் குடம்பி, கொசுப்புழு என்று பார்த்த உடனேயே தெரியும். நான் அறிவில்லாமல் அதைச் செய்யவில்லை. இதை நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் சொன்னது இது: "கை வைக்காத. திங்கட்கிழமை அவங்க வர்றாங்க. வந்து பார்த்துட்டுப் போகட்டும்." அதோடும் நிற்கவில்லை. கையில் கிடைத்ததைப் பாடமாக்க வேண்டும் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முழு வகுப்பையும் போத்தலைச் சுற்றி உட்கார வைத்தேன். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நுளம்பு என்று கரும்பலகையில் வட்டமாக வரைந்தேன். பள்ளி விட்டதும் டிலானி வந்து, தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். "டான்ஸ் ஆடுது அம்மா" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். பாராட்டினார்கள். நீ எழுதிய அட்டவணையைப் பார்த்து "யாரு இத எழுதினது?" என்று கேட்டு உன் தலையைத் தடவினார்கள். அவர்கள் போன பிறகாவது ஊற்றச் சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கை வைக்காதே என்று சொன்னவள் கை வை என்று திரும்பச் சொல்லவில்லை. சொல்லாததால் நீ வைக்கவில்லை. அவ்வளவு கீழ்ப்படிவுள்ள பிள்ளை நீ.

டிலானிக்குக் காய்ச்சல் வந்தது அதற்கடுத்த கிழமை. முதல் மூன்று நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. பாண் கேட்டாள், தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். உன் அப்பா கண்டியில் கடைக்கு வேலைக்குப் போனார், அவ்வளவு நிம்மதி எங்களுக்கு. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பின்னேரம் வயிறு வலிக்கிறது என்றாள். கையும் காலும் சில்லிட்டுப் போயின. ஆட்டோ பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் இன்னைக்கி மழை எழுதிருச்சா?" என்று கேட்டாள். "எழுதிருச்சிம்மா" என்றேன். பத்து மணிக்குப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட அதிபர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். டெங்குவில் ஒரு பிள்ளை செத்தால் சுகாதாரப் பரிசோதகர் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பார்க்க வேண்டும், அதற்காக வந்திருந்தார். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று நீயும் என்னோடு வந்தாய். அவர் தோட்டம் முழுக்கப் பார்த்தார். சிரட்டைகளில் குடம்பி இருந்தது. மூன்று போத்தல்களிலும் இருந்தது. ஒரு வெள்ளைக் கரண்டியில் எடுத்து அதிபருக்குக் காட்டினார். அலுவலகத்தில் அவர் சிங்களத்தில் கேட்டதை அதிபர் என்னிடம் தமிழில் கேட்டார். குற்றம் சாட்டும் குரலில்கூடக் கேட்கவில்லை, பாவம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார். "டீச்சர், இந்தப் போத்தலையெல்லாம் யாரு பார்த்துக்கிட்டது?"

நான் சொன்னேன்: "மகன்தான் சேர். ஒவ்வொரு நாளும் அளந்துட்டு ஊத்திடச் சொல்லியிருந்தேன்."

இரண்டு வசனமும் தனித்தனியாக உண்மை. வருட ஆரம்பத்தில் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த அறையில், அந்த நேரத்தில் அது பொய். ஏன் சொன்னேன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமா? இருந்திருக்கலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு என்று இப்போது நினைக்கிறேன். என் பிள்ளையை நானே கொன்றேன் என்பதை என் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக என் வாயில் வந்தது நீ. அப்போது நீ கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய். "நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க" என்று நீ சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டும் நின்றேன். நீ அதிபரைப் பார்த்துச் சொன்னாய்: "டீச்சர் சொன்னாங்க சேர். நான்தான் மறந்துட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது என் பையை வாங்கி நீ சுமந்துகொண்டு வந்தாய்.

அன்றிரவோ மறுநாளோ உன்னைக் கூப்பிட்டு மடியில் போட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதால், பிள்ளை மறந்துவிட்டான் என்று என்னை நானே நம்ப வைத்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளி விட்டு நடந்து வரும் வழியில் வேலியோரம் கிடக்கும் சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வருவாய். யார் வீட்டு முற்றத்தில் கிடந்தாலும் விடமாட்டாய். ஒருமுறை அதற்காக ஒருவர் உன்னைத் திட்டியதையும் கேட்டேன். பத்து வயது, பதினோரு வயது, பன்னிரண்டு வயது வரை அப்படி நடந்தாய். நான் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தேன், மகன். ஒரு சொல் சொல்லவில்லை.

எந்த நுளம்பு எங்கே வைத்துக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த மாதம் வத்தேகமை முழுக்கக் காய்ச்சல்தான் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். எத்தனையோ நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடமாடினேன். அந்த ஆறுதலைக்கூட உனக்குத் தரவில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் போத்தலைப் பற்றிப் பேச வேண்டிவரும், போத்தலைப் பற்றிப் பேசினால் வியாழக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டிவரும். ஒரு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது, சிறந்த வகுப்பறைச் சூழல் என்று என் பெயர் போட்டு. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கிழிக்கவும் மனம் வரவில்லை, அதற்குக் காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. தோட்டத்தை மூடி சிமெந்து போட்டார்கள். நான் மாற்றம் கேட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போனேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மீதி வருடங்கள் முழுவதும் வெண்கட்டியும் கரும்பலகையுமாகப் படிப்பித்தேன். "டீச்சர், நாங்களும் ஏதாச்சும் நடுவோமா?" என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் முடியவில்லை என்று சொன்னேன். எத்தனை பிள்ளைகளின் கைகளை அப்படிக் கட்டிப்போட்டேன் என்று தெரியாது.

உன் அப்பா போவதற்கு நான்கு நாளைக்கு முன் உன்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் கோப்பி கொண்டுவந்து வாசலில் நின்றேன். "தம்பி, தங்கச்சி விசயத்த மனசுல வச்சிக்காத. சின்னப் புள்ளதானே நீ. மறதி எல்லாருக்கும் வரும். நான் உன்ன ஒருநாளும் குறையா நெனைக்கல்ல" என்றார். நீ தலையாட்டினாய். செய்யாத தப்புக்கு அப்பா உன்னை மன்னித்துவிட்டுப் போனார். அவர் அவ்வளவு நல்ல மனிதர். அந்த நல்ல மனதை நான் அப்படி வீணாக்கினேன். கோப்பியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். அவரிடம் இனி என்னால் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் திருத்தவே முடியாத இடம் அது.

ஆனால் உன்னிடம் சொல்ல முடியும். ஆகவே சொல்கிறேன். நீ மறக்கவில்லை, மகன். ஒரு நாள்கூட மறக்கவில்லை. குடம்பியை முதலில் கண்டவன் நீ, ஊற்றிவிடவா என்று கேட்டவன் நீ, ஊற்றாதே என்று சொன்னவள் நான். அன்று அலுவலகத்தில் என்னைக் காப்பாற்ற நீ பொய் சொன்னாயா, அல்லது அம்மா சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று உண்மையிலேயே நம்பினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே முடியும். முதலாவதாக இருந்தால், இத்தனை வருடம் என் பொய்யை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். இரண்டாவதாக இருந்தால், உன் ஞாபகத்தையே நான் உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். எது பெரிய பாவம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. இருந்தாலும் தியாவுக்காக ஒன்று கேட்கிறேன். அவள் மண்ணில் கை வைக்கட்டும். விதை எப்போது முளைத்தது, தோலை எப்படித் தள்ளிக்கொண்டு வந்தது என்று அவளே கண்டு உனக்கு வந்து சொல்லட்டும். தண்ணீர் தேங்கினால் அதை எதற்காக ஊற்றுகிறோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. உன்னைவிட அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் இல்லை. ஏதாவது பிழையாகிப்போனால், அது பெரியவர்களின் பிழையாக இருந்தால், அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் அவளிடம் சொல்லிவிடு. நாள் போகப் போகச் சொல்வது சுலபமாகும் என்று நினைக்காதே. எனக்கு அப்படி ஆகவில்லை.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் நானே கொண்டுவருவேன். வாசலில் ஷாமினியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் திரும்பி, ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஹோல்ட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீ ஆறுதலாகப் படி. அவசரப்பட்டு வராதே, என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டும் வராதே. ஒரு மணிக்கு வத்தேகமை பஸ் இருக்கிறது. அதற்குள் நீ வந்து கூப்பிட்டால் உன்னோடு வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவேன். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இனி என்ன செய்வதென்று நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

அம்மா